பவளப்பாறை மீனுக்கு அளவுச் சட்டம் எழுதுவது எப்படி: பலாவு தீவுகளை வைத்து ஒரு செய்முறை

பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் கிடக்கும் பலாவு ஏறத்தாழ 18,000 பேர் வாழும் நாடு. உலகச் செய்திகளில் அதன் பெயர் அடிபட்டது 2015இல் இயற்றப்பட்டு 2020 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தேசியக் கடல் சரணாலயச் சட்டத்தால். நாட்டின் தனிப் பொருளாதாரக் கடல் எல்லையில், அதாவது மீன்வள உரிமை அந்த நாட்டுக்கே உள்ள கடற்பரப்பில், 80 சதவீதத்தில் மீன்பிடிக்கவே கூடாது என்கிறது அந்தச் சட்டம். வரைபடத்தில் நீலமாய் விரியும் அந்தப் பரப்பைப் பார்த்தால் வேலை முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் தீவுக்காரர் தட்டில் விழும் களவாய், விளைமீன், கிளிமீன், ஓரா எதுவும் அந்த ஆழ்கடலில் வாழவில்லை. அவை கரையிலிருந்து படகில் எளிதில் போய்வரும் தூரத்தில், பவளப்பாறையில் இருக்கின்றன. அங்கே அவற்றைக் காப்பது வேறு வகைச் சட்டம்: எவ்வளவு பெரிய மீனைப் பிடிக்கலாம், எந்த மாதத்தில் பிடிக்கலாம், பிடித்ததை விற்கலாமா.

இந்தக் கையேடு அந்தச் சின்னச் சட்டங்களைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, குறைந்தபட்ச அளவை ஓர் ஊரே அளந்து கண்டுபிடித்து விதியாக்குவது எப்படி என்பது. பலாவின் வடக்குப் பாறைகளில், அதாவது கயாங்கெல், ங்கார்ச்செலோங் மாநிலங்களின் கடலில், மீனவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து 2010களில் செய்த வேலை இதற்கு நல்ல முன்மாதிரி. தேவையானவை ஒரு பலகை, ஒரு கத்தி, ஒரு நோட்டு, பிறகு ஒரு பருவம் முழுக்கப் பொறுமை.

இருக்கிற சட்டத்தை முதலில் படியுங்கள்

புது விதி எழுத உட்காருவதற்கு முன் பழைய விதிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வியைப் போடுங்கள்: இதை யார், எந்த இடத்தில் சரிபார்க்க முடியும்?

பலாவின் 1994ஆம் ஆண்டுக் கடல் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பயிற்சிக்கு ஏற்றது. அது ஐந்து வகைக் களவாய்களை ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை பிடிக்கக் கூடாது என்றது. கூடவே வாங்கவும் விற்கவும் கூடாது என்றும் சேர்த்தது. அந்தச் சேர்க்கைதான் சட்டத்துக்கு உயிர். பிடிப்பதை மட்டும் தடுத்தால் காவலர் கடலெல்லாம் சுற்ற வேண்டும். விற்பதையும் தடுத்தால் கொரோர் நகரத்து மீன்கடைகளையும் உணவகங்களையும் பார்த்தாலே பாதி வேலை முடியும். அதே சட்டத்தின்படி சிங்கி இறாலின் மேலோடு 6 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தாலோ அது முட்டை சுமந்திருந்தாலோ எடுக்கக் கூடாது. இதை இறங்குதுறையில் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு ஈட்டியால் குத்தக் கூடாது என்ற விதியையும் படகில் சிலிண்டர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். 3 அங்குலத்துக்குக் குறைந்த வலைக்கண்ணுக்கான தடைக்கு ஓர் அடிக்கோல் போதும். வலைக்கண்ணை முடிச்சுக்கு முடிச்சு இழுத்துப் பிடித்துத்தான் அளக்க வேண்டும், தளர்த்தி வைத்து அளந்தால் சண்டைதான் மிஞ்சும்.

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காத விதி எதுவாக இருந்தாலும் அது தாளோடு நின்றுவிடும். 'நாளொன்றுக்கு ஒருவருக்கு இத்தனை கிலோ' என்பது அத்தகைய விதி. மூன்று பேர் போன படகில் யார் எதைப் பிடித்தார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது.

அளக்கும் பலகை

60 முதல் 80 சென்டிமீட்டர் நீளமுள்ள, வழுவழுப்பான மரப்பலகையோ தடித்த பிளாஸ்டிக் பலகையோ போதும். ஒரு முனையில் செங்குத்தாக ஒரு தடுப்புக் கட்டை. அந்தத் தடுப்பின் உள்பக்கத்திலிருந்துதான் பூஜ்யம் தொடங்க வேண்டும். அளவு நாடாவைப் பலகையின் விளிம்பிலிருந்து ஒட்டிவிட்டால் தடுப்புக் கட்டையின் தடிமன் அத்தனையும் ஒவ்வொரு மீனிலும் கூடிவிடும். இரண்டு சென்டிமீட்டர் பிழை சிறிதாகத் தோன்றலாம். கடைசியில் சட்டத்தில் எழுதப்போகும் எண் அதைப் பொறுத்தது.

மீனை வலப்பக்கமாகக் கிடத்தி, வாயை மூடி, மூக்கைத் தடுப்பில் முட்டவைத்து, வாலின் கவட்டுக் குழி வரை அளந்து எழுதுங்கள். களவாய் போல வட்ட வால் உள்ளவற்றுக்கு வாலின் நடு முனை வரை. சிலர் வால் நுனி வரை அளப்பார்கள், அதிலும் தவறில்லை. ஆனால் எந்த முறையோ அதையே முதல் மீனிலிருந்து சட்டப் புத்தகம் வரை கடைப்பிடியுங்கள். விளைமீனில் கவட்டு நீளத்துக்கும் நுனி நீளத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு முழு அளவு வகுப்பையே தாண்டும்.

மில்லிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள். சென்டிமீட்டரில் எழுதச் சொன்னால் மனிதக் கை 25, 30, 35 என்று முழு எண்ணுக்கு ஓடும். நோட்டை வாரம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 0இலும் 5இலும் முடியும் எண்கள் மலைபோல் குவிந்திருந்தால் எழுதியவர் அளக்கவில்லை, பார்வையிலேயே மதிப்பிட்டிருக்கிறார்.

இன்னும் இரண்டு இடத்தில் கால் இடறும். ஐஸில் இரண்டு நாள் கிடந்த மீனும் உறைந்த மீனும் கொஞ்சம் சுருங்கும். ஆகவே இறங்குதுறையிலேயே அளக்கப் பாருங்கள். இரண்டாவது இதைவிடப் பெரிய தொல்லை: பெரிய மீன் கடைக்குப் போய்விடும், சின்னது வீட்டுக் குழம்புக்குப் போய்விடும். கடையில் மட்டும் அளந்தால் பாறையில் எல்லாம் பெரிய மீன் என்று படம் காட்டும். படகு கரைசேர்ந்ததும், பங்கு பிரிப்பதற்கு முன், பெட்டி முழுவதையும் அளக்க வேண்டும். பங்கு பிரிக்கக் காத்திருப்பவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அதனால் அளப்பவர் அந்த ஊர்க்காரராக, முடிந்தால் படகுக்காரரின் உறவினராகவே இருப்பது நல்லது.

இனத்தின் பெயரை உள்ளூர்ப் பெயரால் எழுதினால் கவனம் தேவை. நம் கரைகளில் போலவே பலாவிலும் ஒரே மீன் வளர வளரப் பெயர் மாறும், ஒரே பெயருக்குள் மூன்று இனங்களும் ஒளிந்திருக்கும். முதல் வாரத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு படம் எடுத்து, பக்கத்தில் அளவு நாடாவோடு, ஒரு பலகையில் ஒட்டிவிடுங்கள்.

வயிற்றைக் கீறிப் பார்ப்பது

நீளம் மட்டும் போதாது. அந்த நீளத்தில் மீன் முட்டையிட்டிருக்குமா என்பதுதான் கேள்வி. குதத் துவாரத்திலிருந்து தலைநோக்கிக் கத்தியின் நுனியால் மேலோட்டமாகக் கீறுங்கள். ஆழமாகக் கீறினால் குடல் வெட்டுப்பட்டு எல்லாம் கலங்கிவிடும். குடலை ஒதுக்கினால் முதுகெலும்பை ஒட்டி, பின்பக்கமாக, இரண்டு நீளப் பைகள் தெரியும். பெண் மீனில் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ, தொட்டால் ரவைபோல் நெறுநெறுக்கும் சினை. ஆணில் வெள்ளை, அழுத்தினால் பால்போல் கசியும். இளமீனில் நூல்போல மெல்லிய, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் இரண்டு இழைகள்தான் இருக்கும். மூன்றே குறிகளை வைத்துக்கொள்ளுங்கள்: சினை பிடித்த பெண், ஆண், இளசு. பத்து நிலைகளாகப் பிரிக்கும் ஆய்வகப் பட்டியல்கள் இறங்குதுறையில் குழப்பத்தைத்தான் தரும்.

எப்போது கீறுவது என்பது எத்தனை கீறுவது என்பதைவிட முக்கியம். முட்டையிடும் பருவம் முடிந்து ஓய்ந்திருக்கும் தாய்மீனின் பை சுருங்கிப்போய் இளசு போலவே இருக்கும். அந்த மாதங்களில் எடுத்த தரவு முதிர்ச்சி அளவை உண்மையைவிடப் பெரிதாகக் காட்டும். பருவத்துக்குச் சற்று முன்பும் பருவத்தின்போதும் எடுங்கள். அந்த மாதம் எது என்று தெரிய நூல் எதையும் தேட வேண்டாம், ஊரின் மூத்த மீனவர்களைக் கேளுங்கள். 1970களில் ஆர்.ஈ. ஜோஹன்னஸ் என்ற ஆய்வாளர் பலாவில் அதைத்தான் செய்தார். எந்த மீன் எந்தப் பிறையில் எந்தக் கால்வாயில் கூடும் என்று அங்குள்ள மீனவர்கள் சொன்ன அளவுக்கு அன்று அறிவியல் ஏடுகளில் செய்தி இல்லை. மீன்பிடிக்கத் தடை உள்ள மாதங்களில் கீற வேண்டியிருந்தால் மீன்வளத் துறையின் எழுத்துபூர்வ அனுமதியை முன்னதாகவே வாங்கிவிடுங்கள்.

ஓர் இனத்துக்குக் குறைந்தது நூறு மீன்களின் வயிற்றைப் பார்க்க வேண்டும். அதிலும் சிறிது, நடுத்தரம், பெரிது மூன்றும் கலந்திருக்க வேண்டும். நீளம் மட்டும் எழுதிய மீன்கள் சில நூறாவது வேண்டும், ஆயிரம் இருந்தால் நிம்மதி.

கணக்கு

பெண் மீன்களையும் இளசுகளையும் மட்டும் எடுத்து, 2 சென்டிமீட்டர் வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சினை பிடித்தவை எத்தனை என்று எண்ணுங்கள். கீழே உள்ளவை கணக்கு புரிவதற்காக வைத்த எண்கள், எந்தத் தீவின் தரவும் அல்ல:

24–26 செ.மீ.: 20இல் 2 (10%)
26–28 செ.மீ.: 25இல் 8 (32%)
28–30 செ.மீ.: 24இல் 12 (50%)
30–32 செ.மீ.: 22இல் 17 (77%)
32–34 செ.மீ.: 20இல் 19 (95%)

பாதி மீன்கள் முதிர்ந்திருக்கும் நீளம் இங்கே 29 செ.மீ. இதை முதிர்ச்சி நீளம் என்போம். இளசுகளில் ஆணும் பெண்ணும் பிரித்தறிய முடியாது என்பதால் ஒரு சிக்கல் வரும். களவாய், கிளிமீன் போன்றவை பெண்ணாய் வாழ்ந்து பிறகு ஆணாய் மாறும் இனங்கள், ஆகவே அவற்றின் இளசுகளைப் பெண் கணக்கிலேயே சேர்க்கலாம். பிறப்பிலேயே ஆண், பெண் பிரிந்த இனங்களில் இளசுகளில் பாதியைத்தான் பெண் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சட்ட அளவை முதிர்ச்சி நீளத்திலேயே வைக்கலாம் என்று பலர் நினைப்பார்கள். அது போதாது. 29 செ.மீ. மீன்களில் பாதி இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாதவை, மீதிப் பாதி இப்போதுதான் தொடங்கியவை. மீனின் எடை நீளத்தின் முப்படியாகக் கூடும், முட்டையும் ஏறத்தாழ அப்படியே. 30 செ.மீ. மீனோடு ஒப்பிட்டால் 40 செ.மீ. மீன் சுமார் 2.4 மடங்கு கனம். எனவே முதிர்ச்சி நீளத்தை 1.2ஆல் பெருக்குங்கள்: 29 × 1.2 = 34.8, முழுதாக்கினால் 35 செ.மீ. தரவு அதிகம் இல்லாத பாறைமீன் தொழிலுக்கு ஜெரமி பிரின்ஸ் போன்ற ஆய்வாளர்கள் முன்வைத்த எளிய விதி இது. பலாவின் வடக்குப் பாறைகளில் மீனவர்களோடு சேர்ந்து நீளமும் சினையும் அளந்தவரும் அவர்தான்.

1.2 எங்கிருந்து வந்தது? மீன்பிடியே இல்லாத கடலில் ஒரு மீன் தன் வாழ்நாளில் சராசரியாக இடும் முட்டைகளை 100 என்று வையுங்கள். மீன்பிடிக்குப் பிறகு அந்த வாய்ப்பில் எத்தனை மிஞ்சுகிறது என்பது முட்டையிடும் வாய்ப்பு விகிதம். அது 20க்குக் கீழே போனால் அடுத்த தலைமுறை குறையத் தொடங்கும் என்பது பொதுவாக ஏற்கப்படும் எச்சரிக்கைக் கோடு. 30 முதல் 40 வரை இருந்தால் வலையும் நிரம்பும், பாறையும் நிரம்பும். 1.2 மடங்கு அளவைக் கடைப்பிடித்தால், எத்தனை படகு போனாலும் பெரும்பாலான இனங்களில் விகிதம் 20ஐ ஒட்டி நிற்கும். அதாவது படகுகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த முடியாத ஊருக்கான கடைசிக் காப்பு அது. படகையும் கட்டுப்படுத்த முடிந்தால் இன்னும் நல்லது.

நீளத் தரவை வைத்து இந்த விகிதத்தையே கணிக்கவும் இணையத்தில் இலவசக் கருவிகள் உண்டு. முதிர்ச்சி நீளம், மீன் எட்டக்கூடிய சராசரி உச்ச நீளம், இயற்கை இறப்புக்கும் வளர்ச்சி வேகத்துக்கும் உள்ள விகிதம் ஆகியவற்றைக் கேட்கும். அவை தரும் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆழமற்ற பாறையில் குத்திய மீன்களை மட்டும் உள்ளே கொடுத்தால், ஆழத்தில் இருக்கும் பெரிய மீன்கள் கணக்கில் வராமல், நிலைமை இருப்பதைவிட மோசமாகத் தெரியும். நல்ல மழை ஆண்டைப்போல் ஒரே வருடத்தில் குஞ்சுகள் ஏராளமாய்ப் பொரித்திருந்தாலும் அதே மயக்கம் வரும். எண்ணைவிடப் படம் பேசும்: நீளங்களைக் கட்டம்போட்ட தாளில் தூண்களாக வரைந்து முதிர்ச்சி நீளத்தில் ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்கு இடப்பக்கம் தூண்கள் உயர்ந்து நின்றால் ஊர் தன் குஞ்சுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் விகிதத்தை விளக்கத் தேவையில்லை, இந்தப் படம் போதும். சொந்தக் கையால் கீறிய மீனவர் அந்தக் கூட்டத்தில் இருந்தால் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

எண்ணிலிருந்து சட்டத்துக்கு

பாறையில் ஐம்பது அறுபது இனங்கள் பிடிபடும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைத்தால் காவலருக்கே நினைவிருக்காது. எல்லா இனங்களையும் நான்கைந்து அளவுக் குழுக்களில் அடக்குங்கள்: 20, 25, 30, 35, 40 செ.மீ. என்று. ஒவ்வோர் இனத்தையும் அதற்கு உரிய எண்ணுக்கு மிக நெருங்கிய குழுவில் போடுங்கள். சிலவற்றுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறையும், அது ஏற்கத்தக்க நட்டம். பெரிதாய் வளரும் இனங்களை மட்டும் சின்னக் குழுவில் தள்ளிவிடாதீர்கள். நெப்போலியன் மீனும் நெற்றி புடைத்த பெரிய கிளிமீனும் மிக மெதுவாக வளர்பவை, இரவில் கூட்டமாய்த் தூங்கும் கிளிமீனை ஒரே இரவில் விளக்கடித்துக் குத்தி எடுத்துவிடலாம். இவற்றுக்கு அளவுச் சட்டம் பயன்படாது. பலாவு 2006இல் இரண்டையும் முழுமையாகவே தடைசெய்தது.

பால் மாறும் இனங்களில் குறைந்தபட்ச அளவு ஒரு பக்க வாசலை மட்டும் அடைக்கும். சின்னப் பெண்களைக் காத்து, பெரிய மீன்களைப் பிடிக்கச் சொல்கிறோம். பெரியவை எல்லாம் ஆண்கள். பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண்கூட இல்லாத நிலை வந்தால் சினை இருந்தும் பயனில்லை. களவாய்க்கு அளவோடு பருவத் தடையும், முட்டையிடக் கூடும் இடங்களுக்கான தடையும் சேர்ந்தே வர வேண்டும். வடக்குப் பாறைகளில் இரு மாநிலங்களும் 2015இல் அளவு விதிகளோடு நிற்காமல் களவாய் இனங்களுக்கு மூன்றாண்டு முழுத்தடையும் வைத்தது இந்தக் கணக்கால்தான்.

எந்தக் கருவியால் பிடிக்கிறார்கள் என்பதையும் விதி பார்க்க வேண்டும். கைத்தூண்டிலில் வந்த சின்ன மீனைத் திருப்பி விடலாம், ஆனால் 20, 30 மீட்டருக்குக் கீழிருந்து தூக்கியதன் காற்றுப்பை உப்பி, இரைப்பை வாய்வழியே பிதுங்கியிருக்கும். அப்படியே விட்டால் மேலே மிதந்து பறவைக்கு இரையாகும். எதிர்முள் நீக்கிய தூண்டில் கொக்கியில் ஈயக்குண்டு கட்டி, மீனின் தாடையில் மாட்டி, ஆழத்துக்கு இறக்கி விட்டால் பல பிழைக்கும். ஈட்டியால் குத்திய மீனை விட முடியாது, குத்துமுன்பே அளவு தெரிய வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: முகக்கண்ணாடி வழியே பார்க்கும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 27 செ.மீ. மீன் 36 போலத் தோன்றும். ஈட்டித் தண்டில் சட்ட அளவுகளுக்கு வண்ண வளையம் பூசிக்கொள்ளச் சொல்லுங்கள். தண்டும் அதே அளவு பெரிதாகத் தெரியும் என்பதால் மீனுக்கு அருகே நீட்டி ஒப்பிட்டால் கண்ணை நம்பலாம். எட்டி நின்று ஒப்பிட்டால் நம்பக் கூடாது.

சட்ட வாசகத்தில் விடக்கூடாத சொற்கள்: 'பிடிக்க, வைத்திருக்க, வாங்க, விற்க, பரிமாற'. பிடிப்பதோடு நிறுத்தினால் 'இது நான் பிடித்ததில்லை' என்பதே போதுமான பதிலாகிவிடும். அடுத்து, 'மீன் தலையோடும் வாலோடும் முழுதாகக் கரைக்கு வர வேண்டும்'. இந்த ஒரு வரி இல்லையென்றால் படகிலேயே சதை சீவப்படும், பலகைக்கு வேலையிருக்காது. உணவகங்கள் ஒரு தட்டுக்கு ஒரு முழுமீன் என்ற கணக்கில் சின்ன மீனுக்குத்தான் நல்ல விலை தரும். விதி வருமுன் அவர்களோடு பேசி, பெரிய மீனைத் துண்டாகப் பரிமாறும் வழிக்குக் கொண்டுவராவிட்டால் உங்கள் 35 செ.மீ.க்குச் சந்தையே எதிரி.

அமாவாசையும் கால்வாயும்

பலாவில் களவாய்கள் அமாவாசையை ஒட்டி, பாறையை வெட்டிப் போகும் குறிப்பிட்ட கால்வாய்களில் நூற்றுக்கணக்கில் கூடி முட்டையிடும். ஆண்டு முழுவதும் தனித்தனியே பதுங்கியிருக்கும் மீன் அந்தச் சில நாள்கள் ஓரிடத்தில் மொத்தமாகக் கிடைக்கும். ஒரே வாரத்தில் ஒரு கால்வாயைத் துடைத்துவிட்டால் அங்கே கூடும் வழக்கமே அற்றுப்போகலாம். ங்கெருமெகாவோல் கால்வாயை 1976லேயே பருவத் தடையில் கொண்டுவந்தார்கள், 1999 முதல் ஆண்டு முழுவதும் மூடினார்கள். 1994இல் கயாங்கெல், ங்கார்ச்செலோங் தலைவர்கள் தங்கள் மரபுப்படி 'புல்' எனும் தடையை எட்டுக் கால்வாய்களில் போட்டார்கள். மாநிலச் சட்டத்துக்கு முன்பே ஊர்த் தலைவர்களின் ஆணை இருந்ததால் தடையை மீறியவர் அரசாங்கத்துக்கு மட்டுமல்லாமல் ஊருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் தீவில் அப்படியொரு மரபு இருந்தால் அதை அலங்காரமாக வைக்காமல் சட்டத்தின் முன்வரியில் வையுங்கள்.

தேதி குறிப்பதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். நிலாக் கணக்கு ஆங்கில மாதத்தோடு ஒத்துவராமல் ஆண்டுக்கு ஆண்டு பத்துப் பதினொரு நாள் நகரும். எனவே தடையின் இரு முனையிலும் ஒரு பிறை கூடுதலாக வையுங்கள். மீன் கால்வாய்க்கு வரும் வழியிலேயே பிடிபடுவது இன்னொன்று. கால்வாயை மட்டும் மூடி வழியைத் திறந்து வைத்தால் வாசலில் காத்திருந்து பிடிப்பார்கள். விற்பனைத் தடை அந்த ஓட்டையையும் சேர்த்து அடைக்கும். தடை முடிந்த மறுநாள் எல்லாப் படகும் ஒன்றாகப் பாயும் என்பதையும் கணக்கில் வைத்து, முதல் இரண்டு வாரம் காவலையும் அளவெடுப்பையும் இரட்டியுங்கள்.

காவலும் பணமும்

2015 ஜூனில் பலாவு தன் கடலில் பிடிபட்ட வியட்நாம் படகுகள் நான்கைத் தீவைத்து எரித்தது. கடல் அட்டை திருட வந்தவை போன்ற வெளிநாட்டுப் படகுகளுக்கு அது வலுவான செய்தி, படங்கள் உலகெங்கும் போயின. ஆனால் பாறைமீனைத் தீர்ப்பது பெரும்பாலும் உள்ளூர்ப் படகுதான், அதை எரிக்க முடியாது, எரிக்கவும் கூடாது. அங்கே வேலை செய்வது இறங்குதுறையில் தினமும் உட்காரும் ஒரு காவலர். பாபெல்டாப் பெருந்தீவைச் சுற்றி 2007இல் முடிந்த சாலை, வடக்கு ஊர்களின் மீனைக் கொரோர் சந்தைக்கு எளிதில் கொண்டுபோய்ச் சேர்த்தது. சாலை வந்த தீவில் சோதனைச் சாவடியும் அந்தச் சாலையிலும் விமான நிலையத்தின் ஐஸ்பெட்டி வரிசையிலும் இருக்க வேண்டும்.

சம்பளம் எங்கிருந்து? பலாவு 2003இல் காப்பிடங்களின் வலையமைப்புச் சட்டம் இயற்றி, 2009 முதல் பயணிகளிடம் 15 டாலர் பசுமைக் கட்டணம் வாங்கியது. பிறகு அது 30 ஆனது, 2018 முதல் 100 டாலர் சூழல் கட்டணமாகப் பயணச்சீட்டோடு சேர்ந்தது. இதில் ஒரு முரண் உண்டு. அதே பயணிகள்தான் உணவகங்களில் பாறைமீன் தேடுகிறார்கள். 2015இல் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர், அதாவது மக்கள்தொகையைப்போல் எட்டு மடங்குக்கும் மேல், வந்து போனார்கள். ஆழ்கடலின் 80 சதவீதத்தை மூடும்போது சூரை மீன் உள்ளூர்ச் சந்தைக்கு வருவது குறைந்தால் தட்டு நிரம்ப வேண்டியது பாறையிலிருந்துதான். மிச்சமிருக்கும் 20 சதவீத உள்நாட்டு மண்டலத்திலிருந்து சூரையை மலிவாகக் கரைசேர்க்க ஐஸ், படகு, இறங்குதுறை மூன்றும் தயாராகாமல் பெருஞ்சரணாலயம் அறிவிக்கும் தீவுகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பலாவிலும் அந்தச் சட்டத்தைத் திருத்தலாமா என்ற வாதம் ஓயவில்லை.

சட்டம் வந்த பிறகு

முதலாண்டில் மீன்வரத்து குறையும். இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் ஆறாவது மாதத்தில் சட்டத்தைத் தூக்கியெறியச் சொல்வார்கள். ஓரா போன்ற வேகமாய் வளரும் மீனில் ஒன்றிரண்டு ஆண்டில் மாற்றம் தெரியும். களவாய்க்கு ஐந்து முதல் பத்தாண்டு ஆகலாம். கூட்டத்தில் ஓராவின் படத்தை முதலில் காட்டுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் அதே மாதங்களில், அதே இறங்குதுறையில், அதே பலகையால் அளவிடுங்கள். மூன்று எண்கள் போதும்: முதிர்ச்சி நீளத்துக்கு மேற்பட்டவை நூற்றுக்கு எத்தனை, சட்ட அளவுக்குக் கீழே வந்தவை எத்தனை, உச்ச நீளத்தை நெருங்கிய பெரிய தாய்மீன்கள் எத்தனை. முதலாவது ஏறி மூன்றாவது ஏறாமலே இருந்தால் சின்னதைக் காத்துப் பெரியதை மொத்தமாக அள்ளுகிறீர்கள் என்று பொருள். அப்போது படகையோ மீன்பிடி நாள்களையோ குறைக்காமல் வழியில்லை. இரண்டாவது எண் சட்டென்று பூஜ்யமாகிவிட்டால் மகிழ்வதற்கு முன் ஒருநாள் மாலை மற்ற இறங்குதுறைகளுக்குப் போய்ப் பாருங்கள். சின்ன மீன் அநேகமாக அங்கேதான் இறங்கிக்கொண்டிருக்கும்.